சேற்றுக்கு ஒரு ஜீப்: பழைய ஃபோர் வீல் வண்டியை டெல்டாவில் வீட்டிலேயே சீர்செய்தல்

பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்தவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்பது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இங்கே ஜீப்பைத் தின்பது களிமண். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் பெட்டி இரும்புக்குள் புகுந்து, ஐப்பசி கார்த்திகையில் ஊறி, சித்திரையிலும் உள்ளே ஈரம் காயாமல் கிடக்கும் களிமண். கடலோரமாக இருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும். எனவே கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போக வேண்டும்: சேசிஸ், ஆயில் சீல், பிரேக். மிச்சம் இருந்தால் டயர்.

வண்டியைப் பிரிப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணும் என்ஜின் எண்ணும் அதில் உள்ளபடியே இருக்கின்றனவா, பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்தில் கிரீஸ் தடவி, மேலே ஒரு தகட்டுத் துண்டைக் கட்டிவிடுங்கள். துருவை நீக்கும் மணல் வீச்சிலும் (சாண்ட் பிளாஸ்டிங்) கிரைண்டரிலும் எண் அழிந்துபோன வண்டி, எவ்வளவு அழகாக நின்றாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வெறும் இரும்புதான்.

15 ஆண்டு முடிந்த சொந்த உபயோக வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வேறு என்ஜின் ஏற்றுவது, சேசிஸை நீட்டுவது போன்ற ஆசைகளை அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் தொடங்கக் கூடாது. வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது, இன்னும் மூல வடிவில் இருக்கிறது என்றால் வேறு வழியும் உண்டு. 2021-ல் வந்த விதிகளின்படி அதை விண்டேஜ் வண்டியாக 'வி.ஏ.' எழுத்துகளோடு பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அந்தப் பதிவு ஆகாது. அப்படிப்பட்ட வண்டி கிடைத்தால் அதில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடாதீர்கள். மாற்றம் செய்து பார்க்க எண்பது, தொண்ணூறுகளின் வண்டிகள் வேண்டிய மட்டும் கிடைக்கும். இன்னொன்று, ராணுவப் பச்சை. எல்லோருக்கும் பிடித்த அந்த ஆலிவ் பச்சையை மத்திய மோட்டார் வாகன விதி 121 பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. மணல் நிறம், சாம்பல், நீலம் என்று எத்தனையோ இருக்கின்றன.

நம் பக்கம் கையில் சிக்குபவை பெரும்பாலும் மகிந்திரா வண்டிகள். வில்லிஸ் உரிமத்தில் வந்த சி.ஜே.3பி, 80 அங்குல வீல்பேஸ், ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின். பிறகு வந்த எம்.எம்.540, 91 அங்குலம், 2112 சி.சி. பியூஜோ டீசல். கீழே சொல்வது இந்தக் குடும்பத்துக்கு. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்), கெட்டி ஆக்சில் என்பதால் வேறு பழைய வண்டிகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எப்போது தொடங்குவது என்பதில் சமரசம் வேண்டாம். தை அறுவடை முடிந்து மாசியில் பிரித்தால், பங்குனி சித்திரையில் இரும்பு வேலையும் பெயிண்டும் முடியும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்போது வண்டி சக்கரத்தில் நிற்க வேண்டும். புரட்டாசிக்கு மேல் பெயிண்ட் வேலையைத் தொடங்குவது காசைக் கரைப்பதுதான்; ஏன் என்று பெயிண்ட் வரும்போது சொல்கிறேன்.

பாடியைத் தூக்குவதற்கு முன் கதவு வாய் இரண்டுக்கும் குறுக்கே ஒரு அங்குலச் சதுர பைப்பைப் பொட்டு வெல்டு (டாக்) வைத்து நிறுத்துங்கள். அடித்தளம் துருப்பிடித்த பாடி, போல்ட் கழன்றதும் நடுவில் மடங்கும். மடங்கினால் கதவும் கண்ணாடிச் சட்டமும் பிறகு ஒருநாளும் சேராது. துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின நாளே டீசல் ஊற்றி ஊற விடுங்கள். அசையாததை கேஸ் வைத்துச் சூடாக்கிக் கழற்றலாம், எரிபொருள் டேங்க்கை முதலில் இறக்கி வெளியே வைத்துவிட்டு. பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரை. வலப்பக்கம் போலவே திருப்பிப் பெரிய பைப்பைப் போட்டு மிதித்து, நட்டு ஏறும் மரைத்தண்டான ஸ்டட்டை முறித்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஸ்டட்டின் முனையில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தால் போதும். ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு ஆடும்படி இணைக்கும் ஷேக்கிள், யூ வடிவ மரை வகையாக உள்ள வண்டிகளில் அங்கேயும் இடமரை, வலமரை இரண்டும் வரும்.

சேசிஸ் தனியானதும் முதல் வேலை, அது நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குக் கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். சேசிஸைச் சமமாக நான்கு ஸ்டாண்டில் வைத்து, இருபக்கமும் ஒரே இடத்தில் உள்ள ரிவெட்டுகளிலிருந்து குண்டை இறக்கி, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன், நடு, பின் என்று மூன்று கட்டமாகப் பிரித்து, மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் 3 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தால் நிம்மதி. 6 மி.மீ. தாண்டினால் வளைவு இருக்கிறது. அதை நிமிர்த்தாமல் மேலே கட்டுவது எல்லாமே கோணலாகத்தான் நிற்கும், வண்டி நண்டு போல் பக்கவாட்டில் நடக்கும்.

அடுத்து சுத்தியல். அரைக் கிலோ சுத்தியலால் சேசிஸை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் நல்ல இரும்பு. மொத்தென்றால் உள்ளே மண் இருக்கிறது அல்லது தகடு மெலிந்திருக்கிறது. பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றி, முன்கொம்புகள் (சேசிஸின் முன்முனைகள்) இரண்டும் அடைபட்டு நிற்கும் பகுதி ஆகிய மூன்றும்தான் இங்கே முதலில் போகும். உள்ளே உள்ள மண்ணைப் பிரஷர் வாஷர் வைத்து, ஒரு முனையில் விட்டு மறுமுனையில் தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ஒரு கூடுதல் எச்சரிக்கை: போர் தண்ணீரே உப்பாக இருக்கும். கடைசிக் கழுவலுக்கு ஆற்றுநீரோ மழைநீரோ வேண்டும். துருக்குழிக்குள் உப்பு தங்கிவிட்டால், மேலே எந்தப் பிரைமரை அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும்.

ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, சேசிஸ் தகட்டின் கனத்துக்கே தகடு வைக்க வேண்டும். அதிகக் கனம் நல்லது என்று 6 மி.மீ. தகட்டை ஒட்டினால், அது முடியும் ஓரத்தில் பழைய தகடு கிழியும். ஒட்டுத் தகட்டைச் சதுரமாக வெட்டாமல் சாய்சதுரமாக வெட்டுங்கள். சேசிஸுக்குச் செங்குத்தாக ஒரே கோட்டில் வெல்டு ஓடக் கூடாது. மேல் கீழ் விளிம்புகளின் ஓரத்தில் குறுக்கே வெல்டு வைப்பதும் கூடாது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டிங் குச்சியில், தகரக் கொட்டகைக்குப் போடும் 6013 பாடி வேலைக்குச் சரி. சேசிஸுக்கு 7018, டி.சி. மெஷினில். இப்போது கிடைக்கும் சிறிய இன்வெர்ட்டர் மெஷின் போதும், குச்சியைப் பாசிட்டிவில் மாட்ட வேண்டும். 7018 ஈரத்தை உறிஞ்சும். பெட்டியைத் திறந்து இந்த ஊர்க் காற்றில் ஒரு வாரம் வைத்த குச்சி, வெல்டுக்குள் ஊசித் துளை விடும். 250–300 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு, சூடாகவே எடுத்துப் பற்றவைக்க வேண்டும். வீட்டில் அதற்கு வசதி இல்லாவிட்டால் அன்றைக்கு வேண்டிய சின்னப் பாக்கெட்டை மட்டும் வாங்குங்கள். பெரிய வேலை என்றால் சேசிஸை லோடு வண்டியில் ஏற்றித் திருச்சி துவாக்குடிப் பக்கம் கொண்டுபோய்விடலாம்; பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் நல்ல வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை, மணல் வீச்சும் அங்கேயே ஆகும். வீச்சுக்கு ஆற்றுமணல் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். காப்பர் ஸ்லாக் கேளுங்கள்.

மூடும் முன் சேசிஸின் ஒவ்வொரு தாழ்ந்த இடத்திலும் 12 மி.மீ. வடிகால் துளை. இதைச் செய்யாமல் விட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். பெயிண்ட் காய்ந்த பிறகு உட்புறத்துக்குக் குழாய் விட்டுக் கேவிட்டி மெழுகு அடிக்கலாம். பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது வழிந்து ரப்பர் புஷ்களை உப்ப வைக்கும், தூசியையும் பிடித்து வைக்கும்.

இனி ஆக்சில். முன் ஆக்சிலின் இரு முனையிலும் பந்து வடிவ உறை இருக்கும். அதற்குள் ஜாயின்ட், மேலும் கீழும் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங். பந்தைத் துடைத்துக்கொண்டே திரும்பும்படி ஃபெல்ட்டும் ரப்பருமாக ஒரு சீல். ஜீப்பின் மற்ற பாகமெல்லாம் சேற்றைத் தாங்கும், இந்த சீல் தாங்காது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் பந்தின் வெளித்தெரியும் பகுதி துருப்பிடிக்கும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தத் துரு அரம் போல் சீலை அராவும். சீல் போனதும் வயல் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் மோர் நிறமாகும், கீழ் கிங்பின் பேரிங் முதலில் சாகும். புது சீல் மட்டும் மாற்றினால் ஒரு பருவம்கூட நிற்காது. பந்தில் குழி இருந்தால் லேத்தில் மெருகிட்டு ஹார்டு குரோம் ஏற்றவோ, நல்ல பந்து தேடி மாற்றவோ வேண்டும். கிங்பின்னில் மேலும் கீழும் ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) வைத்து, சீல் இல்லாத நிலையில் ஸ்டியரிங் கையை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பாருங்கள்: ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது, சற்று விறைப்பாக, முழுத் திருப்பத்திலும் ஒரே இழுவையாக வர வேண்டும். தளர்வாக விட்டால் 50, 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளம் தட்டியதும் முன்சக்கரங்கள் தாமாக உதறத் தொடங்கும். அந்த உதறலுக்கு ஸ்டியரிங் டேம்பர் மாட்டிச் சமாளிப்பவர்கள் நோயை மறைக்கிறார்கள்.

தண்ணீர் ஆக்சிலுக்குள் போவதற்குச் சீலைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தார்ச்சாலையில் ஓடிவந்த டிஃபரன்ஷியல் (ஆக்சிலுக்குள் உள்ள கியர் தொகுதி) சூடாக இருக்கும். அப்படியே வாய்க்காலில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அதன் உறையான ஹவுசிங் மேலே உள்ள சிறு பிரீதர் (காற்று போய்வரும் துளை) சேற்றில் அடைத்திருந்தால், அந்த உறிஞ்சல் தண்ணீரைச் சீலின் உதட்டு வழியாகவே உள்ளே இழுக்கும். தீர்வுக்கு ஆகும் செலவு ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவு. பிரீதரைக் கழற்றி, அந்த மரைக்கு ஏற்ற நிப்பிள் போட்டு, 8 மி.மீ. ரப்பர் ஹோஸை ஃபயர்வால் (என்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவில் உள்ள தகடு) உயரம்வரை கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். முன், பின் ஆக்சில், அவை இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும். ஸ்பிரிங் முழுக்க இறங்கும் அளவுக்கு ஹோஸில் தளர்வு வேண்டும். டெல்டா ஜீப்புக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

தண்ணீரில் இறங்கி வந்தபின் வண்டியை ஓர் இரவு நிறுத்தி, காலையில் டிரெயின் பிளக்கை இரண்டு மரை மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, முதலில் அதுதான் சொட்டும். எண்ணெய் மட்டும் வந்தால் இறுக்கிவிடலாம். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.5 தரத்தில் 90 எண் ஆயில். கியர் பாக்ஸில் பித்தளைச் சிங்க்ரோ வளையங்கள் இருப்பதால் அங்கே ஜி.எல்.4. பழைய மூன்று கியர் பெட்டியும் டிரான்ஸ்ஃபர் கேஸும் துளை வழியாக எண்ணெயைப் பகிரும், ஆகவே ஒன்றில் குறைந்து மற்றதில் ஏறினால் பதற வேண்டாம்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் தேய்வது நடுத் தண்டு. தேய்ந்தால் உறுமும், எண்ணெய் கசியும். லேத்தில் சாதாரண இரும்பில் கடைந்து போட்டால் ஒரு பருவத்தில் ரோலர் அதைக் கடித்துத் தின்னும், இ.என்.353 மாதிரி இரும்பில் கடைந்து, மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தி, கிரைண்டிங் முடித்து வாங்க வேண்டும். பின் ஆக்சில் தண்டின் முனை கூம்பாகவும், ஹப்போடு பூட்டும் சாவித்துண்டு வைத்ததாகவும் இருந்தால், அந்தக் கூம்பில் கிரீஸ் தடவக் கூடாது. உலர்ந்த, சுத்தமான நிலையில் ஏற்றிக் குறைந்தது 200 நியூட்டன்-மீட்டர் இறுக்கம் கொடுக்க வேண்டும். ஒரு மீட்டர் பைப்பின் முனையில் 20 கிலோ தொங்கவிட்டால் வரும் இறுக்கம் அது. குறைந்தால் சாவி வெட்டுப்படும், சக்கரத்தோடு டிரம்மும் கழன்று வரும்.

வைக்கோல் பற்றி எந்தக் கையேட்டிலும் இருக்காது. அறுவடை முடிந்த வயலில் ஓட்டினால் வைக்கோலும், கட்டு கட்டிய நைலான் கயிறும், புரொபெல்லர் ஷாஃப்ட் ஆக்சிலில் சேரும் பினியன் யோக்கில் சுற்றிக்கொள்ளும். இறுகி, சூடாகி, ஆயில் சீலின் உதட்டை அறுக்கும். வயலைவிட்டு ஏறியதும் கீழே படுத்துக் கத்தியால் அறுத்து எடுப்பது ஐந்து நிமிட வேலை. ரேடியேட்டரிலும் அதே தொல்லை. பதரும் தூசியும் முன்பக்கத் துடுப்புகளை அடைக்கும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்.

பியூஜோ டீசலின் ஹெட் அலுமினியம். ரேடியேட்டர் அடைத்து ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளையும், பேக்கிங் ஊதும். நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்காமல் பழைய ஹெட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் சுண்ணாம்பு படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது என்றால் டீசல் பம்பைக் கழற்றுவதற்கு முன் ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாக பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். நான்கில் இரண்டு செத்திருக்கும்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்க எதுவும் இல்லை. பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. எங்கே ஒரு குழாய் ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போய்விடும். எனவே குழாய்கள் அத்தனையும் புதிது, 4.75 மி.மீ., முனை இரட்டை மடிப்பு. கடலோரத்தில் குப்ரோ-நிக்கல் குழாய் கொஞ்சம் விலை கூட, ஆனால் துருவாது. குழி விழுந்த வீல் சிலிண்டருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடலாம். இரட்டை அறை மாஸ்டருக்கு மாறுவது நல்ல மாற்றம், அதையும் சோதனை அதிகாரியிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இந்த ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். வயலிலிருந்து வந்ததும் டிரம்மைக் கழற்றிக் களிமண்ணைத் தட்டவில்லை என்றால், அது காய்ந்து லைனிங்கையும் டிரம்மையும் வரிவரியாகக் கீறும்.

ஒயரிங்கைப் பழசிலிருந்து ஒட்டுப்போடாமல் முழுதாகப் புதிதாக இழுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே, 2.5 சதுர மி.மீ. ஒயர். என்ஜினிலிருந்து சேசிஸ், சேசிஸிலிருந்து பாடி என்று தனித்தனி எர்த் பட்டை. மின் கோளாறுகளில் பாதி துருவேறிய எர்த்தால் வருபவை. நெல் கோட்டைக்கும் களத்துக்கும் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு எலி வராமல் இருக்காது. நெளிகுழாய்க்குள் ஒயரை விட்டு, ஃபயர்வால் ஓட்டைகளை ரப்பர் வளையத்தோடு மூடுங்கள். அப்படியும் பானெட்டைத் திறந்து வைப்பதே நல்ல காவல், எலிக்கு இருட்டுதான் வேண்டும்.

பாடித் தரைக்கு 16 கேஜ், பக்கங்களுக்கு 18 கேஜ் சி.ஆர். தகடு. பழைய வில்லிஸ் வகைப் பாடியின் அடியில் உள்ள தொப்பி வடிவச் சட்டங்களுக்குள் மரக்கட்டை செருகியிருப்பார்கள். ஈரத்தைப் பஞ்சு போல் பிடித்துத் தரையை அரிப்பது அதுதான். எடுத்து எறிந்துவிட்டு சட்டத்தைத் திறந்தே விடுங்கள். வெல்டைத் தொடர்ந்து ஓட்டாமல், ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் எதிர்முனையில் என்று மாற்றி மாற்றி வைத்தால் தகடு நெளியாது. பட்டி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் டிங்கர் வேலை முடியவில்லை என்று பொருள்.

உப்புத்தாள் போட்டோ வீச்சுக்குக் கொடுத்தோ வெளுப்பாக்கிய இரும்பு, நம் காற்றில் சில மணி நேரத்தில் சிவக்கும். காலையில் சுத்தம், அன்று பிற்பகலுக்குள் எபாக்சி பிரைமர். இரும்பின் சூடு, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஐப்பசி மாதத்துக் காலையில் அது நடக்காது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும், ஈரக் காற்று அதன்மேல் படிந்து பெயிண்ட் பால் போல் வெளுத்துவிடும். கம்ப்ரசரிலிருந்து துப்பாக்கிக்கு வரும் வழியில் ஐந்தாறு மீட்டர் இரும்புக் குழாய் ஓடவிட்டு, அதன் பிறகு தண்ணீர் பிரிப்பான் வையுங்கள். கம்ப்ரசர் வாயிலேயே வைத்தால் காற்று இன்னும் சூடாக இருக்கும், தண்ணீர் பிரியாது.

இப்போது டயர். நெல் வயலில் ஆண்டாண்டாகச் சேறடித்து உழுததால், 15–20 செ.மீ. ஆழத்தில் கெட்டியான ஓர் உழவுத் தளம் இருக்கும். 6.00-16 அளவுள்ள ஒல்லியான, திறந்த கட்டை டயர் மேல்சேற்றைக் கிழித்து அந்தத் தளத்தில் ஊன்றி நடக்கும். 10 அங்குல அகல டயர் மேலேயே மிதந்து, கட்டைகளில் களி அப்பி, வழவழவென்று சுழலும். அகல டயர் சாலையில் பார்க்க நன்றாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. அடித்தளம் இல்லாத இடத்தில், கோடியக்கரைப் பக்கத்து உப்புச் சேற்றிலும் கடற்கரை மணலிலும், அகலமும் குறைந்த காற்றும்தான் கைகொடுக்கும். டியூப் டயரில் 16 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கினால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வை அறுக்கும். வயலில் 18, சாலையில் 28 சரியாக வரும். அடுத்தவர் வரப்பில் ஏற்றுவதாக இருந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வரப்பு உடைந்தால் வண்டியைவிட வாய்க்குத்தான் அதிக வேலை.

உயரம் கூட்டுவதில் பலர் நீள ஷேக்கிள் போட்டுச் சிக்கிக்கொள்கிறார்கள். ஷேக்கிளை 4 அங்குலம் நீட்டினால் வண்டி 2 அங்குலம்தான் உயரும், முன்முனையில் ஷேக்கிள் உள்ள வண்டியில் கிங்பின்னின் சாய்வும் குறையும். பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, வண்டி அலையும். உயரம் வேண்டும் என்றால் ஸ்பிரிங் பட்டைக் கடையில் பட்டைகளை மறுபடி வளைத்து வாங்குங்கள், 2 அங்குலத்தோடு நிறுத்துங்கள். 80 அங்குல வண்டியின் பின் புரொபெல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டை, அதற்கு மேல் போனால் அதன் முனையில் உள்ள கிராஸ் இணைப்பு அடிக்கடி போகும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியவை மறுபடி உதவாது, புதிதாகவே போட வேண்டும். என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் ஸ்நார்க்கல் குழாய் பெரும்பாலும் அலங்காரம். ஆனால் ஏர் கிளீனர் தாழ்வாக இருக்கும் டீசல் வண்டி ஒரு மடக்குத் தண்ணீரை உறிஞ்சினாலே கனெக்டிங் ராடு வளையும், ஆகவே கிளீனரை உயர்த்தி வைப்பது நியாயம். முறைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் ஹப் உயரத்துக்கு மேல் இறங்க எந்த மாற்றமும் அனுமதி ஆகாது. கரையில் நின்று குச்சியால் ஆழம் பார்க்காமல் இறங்கவும் கூடாது.

முதல் ஓட்டம் ஊருக்குள் 20 கி.மீ. போதும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போடாதீர்கள். முன்னும் பின்னும் சுழலும் வித்தியாசம் போக வழியில்லாமல் ஷாஃப்ட் முறுக்கேறி, லீவர் சிக்கிக்கொள்ளும். நிறுத்தியதும் நான்கு ஹப்பையும் டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். ஷூ உரசுகிறது என்றால் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். உரசாமல் கனமாகச் சுற்றினால் பேரிங் நட்டு அதிக இறுக்கம். 300 கி.மீ. ஆனதும் யூ போல்ட், சக்கர நட்டு, பாடி போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, ஹெட் போல்ட்டுக்குக் கையேடு சொன்னால் அதையும் செய்து, ஆக்சில் ஆயிலை ஒருமுறை முழுதாக மாற்றிவிட்டுச் சேற்றில் இறக்கலாம்.